வேனில் முட்டை கொண்டுவந்தது யார்?

திருவொற்றியூர்
11.2.2002

அன்புள்ள எழிலுக்கு மாமன் டில்லிபாபு எழுதுவது.

நடக்கப்போவது எல்லாவற்றையும் நான் முன்னாலேயே சொல்லியிருந்தேன். இதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன். நாளைக்கு வேறு யாராவது உனக்கு வேறு மாதிரி எழுதினால் நம்பாதே. உன் புருஷன் ஜெயவேல் ஓட்டுகிற ஸ்கூல் வேன் புகைந்து நடு வழியில் நின்றது. புகையும் என்று உன் மாமன் சொல்லியிருந்தான். உன் பெண் செங்கொடி சுகம். ஜெயவேல் சுகம். வேனில் இருந்த மற்றப் பிள்ளைகள் அத்தனை பேரும் சுகம். ஒருத்தருக்கும் ஒரு கீறல் கிடையாது. இப்போது நன்றாக மூச்சு விட்டுவிட்டு மேலே படி.

கதை முட்டையில் ஆரம்பிக்கிறது. போன வாரத்திலிருந்து வேனுக்குள் அழுகின முட்டை நாற்றம். பிள்ளைகள் ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடித்துக்கொண்டார்கள். “எவன்டா முட்ட எட்டாந்தது?” என்று உன் பெண்தான் விசாரணை அதிகாரி. எல்லா டிபன் பாக்ஸையும் திறந்து மோந்து பார்த்து, ஃப்ளோரன்ஸ் அம்மாவின் பையன்தான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிவிட்டாள். அவன் டப்பாவில் ஆம்லெட். ஜெயவேல் வேறு வழியில்லாமல், இனிமேல் வேனில் முட்டை ஏறக்கூடாது என்று சட்டம் போட்டான். மறுநாள் காலையில் ஃப்ளோரன்ஸ் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேனுக்குக் குறுக்கே நின்றாள். “எம்புள்ள ஆம்லெட் இல்லாம சோறு துன்னமாட்டான். உன் வேனுக்காவ நான் இன்னா, கோழிகிட்ட போயி வேற எதுனா போடச் சொல்லவா?” தெருவே சிரித்தது.

முட்டையை நிறுத்தினோம். நாற்றம் நிற்கவில்லை. சரி, மணலி எண்ணெய் ஆலைக் காற்று என்று விட்டுவிட்டோம். உனக்குத் தெரியாதா நம்ம ஊரை? நாற்றம் வந்தால் மூக்கைப் பிடிப்போமே தவிர காரணம் தேட மாட்டோம். மேற்கே கையைக் காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். ஆனால் கடல் காற்று கிழக்கேயிருந்து ஜிலுஜிலு என்று அடிக்கும்போதும் வேனுக்குள் அதே நாற்றம். மணலி என்றைக்குக் கடலுக்குள் போனது? இதை இந்தத் திருவொற்றியூரில் கவனித்த ஒரே மூக்கு என்னுடையது.

அப்புறம் தரை சூடு. நடு சீட்டுக்குக் கீழே கால் வைக்க முடியவில்லை. பிள்ளைகள் அதையும் விளையாட்டாக்கிவிட்டார்கள். தரையில் கால் வைத்தால் அவுட். எல்லாரும் சப்பணம் போட்டுச் சாமியார் மாதிரி உட்கார்ந்து வந்தார்கள். மேம்பாலம் ஏறும்போது வேன் முனகியது. பின்னால் வந்த சைக்கிள்காரன் எங்களை முந்திக்கொண்டு போனான்.

வேன் புகைந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் டோல்கேட் டீக்கடையில் நடந்த பேச்சை எழுத்து மாறாமல் எழுதுகிறேன். “அடியில சூடு ஏறிக்கினே போவுது. நிறுத்திட்டு ஒரு மெக்கானிக்காண்ட காட்டிடலாம்” என்றேன் நான். “ஒண்ணும் ஆவாது. நாளைக்கி ஸ்கூல் வரைக்கும் தாங்கும்” என்றான் ஜெயவேல். “புள்ளைங்க குந்திகினு வர்ற வண்டி” என்று எடுத்தும் சொன்னேன். “அட, டீய குடி” என்று பேச்சை வெட்டிவிட்டான்.

மறுநாள் காலை எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில், துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி வரிசைக்குள் மாட்டிக்கொண்டு ஊர்ந்துகொண்டிருந்தோம். வழக்கம்போல நான் முன் சீட்டில். ரப்பர் மிதியடி கருகுகிற வாடை வந்தது. திரும்பிப் பார்த்தால் நடு சீட்டுக்குக் கீழேயிருந்து சாம்பிராணி மாதிரி புகை. வேன் கருவாடு காயப்போட்டிருந்த ஓரமாய் ஒதுங்கி நின்றது. நான் ஒரு கைக்கு இரண்டு பிள்ளை வீதம் தூக்கித் தூக்கி மணலில் இறக்கினேன். வேனுக்கு அடியில் கிடந்த காய்ந்த ஓலைப்பாயில் ஒரு சின்ன நெருப்பு. கருவாட்டுக்கார அம்மா குடத்தோடு ஓடி வந்தாள். “தண்ணி வாணாம்மே, மண்ண வாரிப் போடு!” என்று நான் போட்ட சத்தம் காசிமேடு வரைக்கும் கேட்டிருக்கும். குனிந்து பார்த்தால், அடியில் ஒரு டப்பா கொல்லன் உலையில் வைத்த இரும்பு மாதிரி சிவந்து கிடக்கிறது.

அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு அன்றைக்கு ஸ்கூல் லீவு. அவர்களுக்கு ஏகக் கொண்டாட்டம். நீ கவலைப்படாதே. நான் இருக்கிறேன்.

இப்படிக்கு
முன்கூட்டியே சொன்ன உன் தாய்மாமன்
டில்லிபாபு

---

மஸ்கட்
24.2.2002

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை டியூட்டி அறையில் நின்றபடியே படித்தேன். செங்கொடி சுகம் என்ற வரியை அடைந்ததும் உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை பார்க்கிற பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முட்டை விசாரணையைப் படித்துச் சிரித்தேன். அவளுக்கும் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவளும் சிரித்தாள்.

அடுத்தது டீக்கடைப் பேச்சு. அதற்கு மேல் சிரிக்க முடியவில்லை.

மாமா, உங்களிடம் நேராகக் கேட்கிறேன். தரை சுடுகிறது, நிறுத்திவிடலாம் என்று நீங்கள் சொன்னீர்கள். இவர் தாங்கும் என்றார். மறுநாள் காலை என் பெண்ணை அதே சூடான தரைக்கு மேல் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போனார். நடந்தது இதுதானே? நான் எதையாவது தப்பாகப் படித்துவிட்டேனா?

இவர் எனக்குப் போட்ட கடிதத்தில் ‘பிளக்கில் சின்ன ரிப்பேர், சரி பண்ணியாச்சு, பாப்பா நல்லா இருக்கா’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். தீ என்ற சொல்லே அதில் இல்லை.

வேலை பார்த்த ஆலையை மூடியபோது மனிதர் எப்படி உடைந்து போனார் என்று நீங்கள் பார்த்தீர்கள். வேன் ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் நிமிர்ந்தார். அவரை நம்பித்தான் நான் கடல் தாண்டி வந்தேன். குழந்தைக்குச் சடை பின்னக் கற்றுக்கொண்டேன் என்று அவர் எழுதிய அன்று, நான் வந்தது தப்பில்லை என்று தோன்றியது. இப்போது ஆபத்து என்று ஒருவர் எடுத்துச் சொல்லியும் கேட்காமல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர் என்றால், நான் எதை நம்பி இங்கே இருப்பது?

செங்கல்பட்டில் என் தோழி வேலை பார்க்கும் பள்ளியில் ஹாஸ்டல் இருக்கிறது. பெரிய லீவு முடிந்ததும் செங்கொடியை அங்கே சேர்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். வேனையும் விற்றுவிடட்டும். இன்னும் முடிவு செய்யவில்லை. நீங்கள் பதில் எழுதுங்கள். போனில் கூப்பிடலாம்தான், ஆனால் நீங்கள் விஷயத்துக்கு வருவதற்குள் கார்டு தீர்ந்துவிடும்.

ஒரு வரி மிகையில்லாமல் எழுதுங்கள் மாமா. எனக்கு அங்கே வேறு கண் கிடையாது.

எழில்மொழி

---

திருவொற்றியூர்
8.3.2002

அன்புள்ள எழிலுக்கு,

ஹாஸ்டலாவது ஒன்றாவது. கண்ணு, அவசரப்படாதே. உன் மாமன் எழுதினால் அதில் கொஞ்சம் தாளிப்பு இருக்கும் என்று உனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியாதா? நீ கடுகை எண்ணிக்கொண்டு உட்கார்ந்தால் குழம்பு ஆறிவிடும்.

வேனை ராயபுரத்தில் வால்டர் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு போனோம். வால்டர் கைராசிக்காரன், ஆனால் வாய் சரியில்லாதவன். வேனைத் தூக்கி நிறுத்தி, அந்தச் சிவந்த டப்பாவைக் கழற்றிக் கீழே போட்டான். சைலன்சருக்குப் போகிற குழாயில் நடுவாந்திரமாய் மாட்டியிருக்கிற டப்பா. நான் பேச்சுக் கொடுத்தேன்.

“இது இன்னா டப்பா வால்டரு?”

“கன்வர்ட்டரு. இஞ்சின்ல எரியாம தப்பிச்சி வர்ற பெட்ரோல் பொகைய இது எரிச்சி சுத்தம் பண்ணி வெளிய அனுப்பும். கொஞ்சமா வந்தா இது அடுப்பு. நெறைய வந்துச்சின்னு வெச்சிக்கோ, செங்கல் சூளை.”

அப்புறம் எங்களை டாக்டர் மாதிரி கேள்வி கேட்டான். முட்டை நாத்தம் வந்துச்சா? வந்துச்சு. தரை சுட்டுச்சா? சுட்டுச்சு. ஏத்தத்துல இழுக்காம முனகுச்சா? ஆமாம். அடியில கல்லு உருள்ற மாதிரி லொடலொடன்னு சத்தம்? அதுவும் இரண்டு நாளாய் இருந்தது. யாரோ ஒரு பிள்ளையின் கோலிக்குண்டு என்று நினைத்தோம். வால்டர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தான்.

“வண்டி நாலு தபா கூப்ட்டு சொல்லிக்கீது. நீங்க இன்னாடான்னா கோழிமுட்டைக்கு தடை போட்டுகினு இருந்தீங்க.”

நான் விடுவேனா? “மணலிக் காத்துன்னு நெனச்சிட்டோம்பா” என்றேன். “நல்லவேள, மணலிக்கி தந்தி அடிக்காம உட்டீங்க” என்றான்.

டப்பாவை வெட்டிக் காட்டினான். உள்ளே தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்க வேண்டுமாம். இதில் பாதி உருகிக் கட்டியாய்க் கிடந்தது. புகை வெளியே போக வழியில்லை. அதனால்தான் வேன் மூச்சு முட்டி முனகியிருக்கிறது. மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் போட்டாலும் இப்படி ஆகுமாம், இஞ்சின் ஆயில் உள்ளே இறங்கி எரிந்தாலும் ஆகுமாம், பிளக் நெருப்பு வைக்காவிட்டாலும் ஆகுமாம். ஜெயவேல் போடுகிற பெட்ரோல் சுத்தம். ஆயிலும் சரியாக இருந்தது. கடைசியில் முன் சீட்டைத் தூக்கி இஞ்சினைப் பார்த்தான். மூன்று பிளக்கில் ஒன்றுக்கு வயரே மாட்டவில்லை. வயரை ஓரமாய் இழுத்து நூல் போட்டுக் கட்டியிருந்தது.

“எந்த மகான் இத்த கயட்டி உட்டது?” என்றான் வால்டர்.

ஜெயவேல் என்னைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். யார் கழற்றினார்களோ, என்ன காரணமோ. வண்டி என்றால் நாலு பேர் கை வைக்கத்தான் செய்வார்கள்.

இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். புது டப்பா வாங்க வேண்டாம், உருகினதைக் குடைந்து எடுத்துவிட்டு வெறும் டப்பாவை மாட்டிக்கொள்ளலாம், ஊரில் பாதி வண்டி அப்படித்தான் ஓடுகிறது என்று வால்டர் சொன்னான். “புள்ளைங்க மூச்சு உடுற எடத்துல அந்தப் பொகைய உடமாட்டேண்ணா. புதுசே போட்டுடு” என்று சொல்லிவிட்டான் ஜெயவேல். இப்படிப்பட்டவனையா நீ நம்ப மாட்டேன் என்கிறாய்?

ஹாஸ்டல் பேச்சை விட்டுவிடு.

உன் மாமன்
டில்லிபாபு

---

மஸ்கட்
22.3.2002

அன்புள்ள மாமாவுக்கு,

காலண்டரைப் பார்த்தேன் என்று எழுதியதற்கு நன்றி. அது ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது. வயரைக் கழற்றியது நீங்கள்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற மலையாளத்துக்காரரிடம் உங்கள் கடிதத்தைச் சொன்னேன். ஒரு பிளக் வயரைக் கழற்றி ஓரமாய்க் கட்டி வைப்பானேன் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “உங்க மாமா கப்பல்ல டீசல் இஞ்சின் பாத்த ஆளா?” என்றார். நீங்கள் துறைமுகத்தில் லாஞ்சுப் படகு ஓட்டிய காலத்துக் கதை ஒன்று எனக்கு மனப்பாடம். ஒரு சிலிண்டர் கெட்டுப்போக, அதற்குப் போகிற எண்ணெயை மட்டும் மூடிவிட்டு, மிச்சத்தை வைத்தே வெளிக்கடல் அவுட்டரிலிருந்து லாஞ்சைக் கரை சேர்த்தீர்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! சொல்லச் சொல்ல அலையின் உயரம் ஏறிக்கொண்டே போகும்.

டீசலில் எண்ணெயை மூடினால் அந்த சிலிண்டர் சும்மா சுற்றுமாம், கெடுதல் இல்லையாம். பெட்ரோல் வண்டியில் வயரைக் கழற்றினால் நெருப்புதான் நிற்குமாம், பெட்ரோல் நிற்காதாம். பற்றாத பெட்ரோல் அப்படியே போய் அந்த டப்பாவுக்குள் விழுந்து எரியுமாம். பிளக் வேலை செய்யவில்லை என்று இவர் சொல்லியிருப்பார். கழற்றிப் போடு, இரண்டே போதும் என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். சரிதானே?

மாமா, அதற்காக நான் உங்கள் மேல் கோபப்படவில்லை. உண்மையாகவே இல்லை. தெரியாமல் செய்தீர்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆம்புலன்ஸ்காரரும் நானும் சிரித்த சிரிப்பில் வார்டிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

என்னைத் தூங்கவிடாதது அந்த டீக்கடைப் பேச்சுதான். போன வெள்ளிக்கிழமை இவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். மாமா நிறுத்தச் சொன்னாராமே, நீங்கள் தாங்கும் என்றீர்களாமே என்றேன். செங்கொடியை வெளியே போய் விளையாடச் சொன்னது கேட்டது. அப்புறம், “ஆமா. மாமா சொன்னாரு. நான்தான் கேக்கல” என்றார். அவ்வளவுதான். ஒரு சமாதானம் கூடச் சொல்லவில்லை.

தெரியாமல் நடந்தால் தெரிந்த பிறகு நடக்காது. சொல்லியும் கேட்காதவர் அடுத்த தடவையும் கேட்கமாட்டார். வார்டில் இப்படிப்பட்டவர்களைத் தினமும் பார்க்கிறேன். புது டப்பா போட்டார் என்று சந்தோஷப்பட்டேன், ஆனால் அது தீப்பிடித்த பிறகு வந்த புத்தி.

ஹாஸ்டல் விண்ணப்பத்தை வாங்கி, நிரப்பி, அப்பா கையெழுத்துக்காக இவருக்கு அனுப்பிவிட்டேன். இவரும் சரி என்று சொல்லிவிட்டார். செங்கொடியிடம் நானே சொல்லுகிறேன், நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். முக்கியமாக, கதையாகச் சொல்ல வேண்டாம்.

எழில்மொழி

---

திருவொற்றியூர்
3.4.2002

அன்புள்ள எழிலுக்கு,

அந்த மலையாளத்துக்காரர் பெரிய ஆள். அவருக்கு என் வணக்கத்தைச் சொல். வயரைக் கழற்றியது நான்தான். இரண்டு சிலிண்டரில் ஓடட்டும், லாஞ்சே ஓடியிருக்கிறது, வேன் ஓடாதா என்று சொல்லி நூல் போட்டுக் கட்டியதும் இந்தக் கைதான். முடிச்சு மட்டும் பிரமாதமாய் இருந்தது என்று வால்டரே ஒப்புக்கொண்டான். அலை உயரத்தைப் பற்றி நீ எழுதியதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அன்றைக்கு அந்த அலையில் நீ இல்லை.

இங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. புது கன்வர்ட்டர், மூன்று புது பிளக், மூன்றுக்கும் வயர். மேம்பாலத்தில் போன வாரம் ஒரு பஸ்ஸை முந்தினோம் (பஸ் நின்றுகொண்டிருந்தது, ஆனால் முந்தினோம்). தரை குளிர்ந்து கிடக்கிறது. பிள்ளைகளுக்குத்தான் வருத்தம், அவுட் விளையாட்டு போய்விட்டது. பயந்துபோய் நிறுத்தியிருந்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். முட்டைத் தடை நீங்கியது. ஃப்ளோரன்ஸ் அம்மா வேன் ஜன்னல் வழியாக ஜெயவேலிடம் ஒரு ஆம்லெட் பொட்டலத்தை நீட்டி, “இத்த துன்னுட்டு ஓட்டு. இனிமே நாத்தம் வந்தா எம்புள்ளய மோந்து பாக்காத, வண்டிய மோந்து பாரு” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் இப்போது தினமும் காலையில் பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன்னால் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறான். ஆளும் கொஞ்சம் சதை போட்டிருக்கிறான். நீ பார்த்தால் சந்தோஷப்படுவாய்.

ஆகையால் நீ நிம்மதியாக இரு.

இப்படிக்கு
உன் தாய்மாமன்
டில்லிபாபு

கையெழுத்துப் போட்டு, மடித்து, ஓரத்தை எச்சில் தொட்டு ஒட்டியும் விட்டேன். மறுபடி பிரித்திருக்கிறேன். ஓரம் கிழிந்திருந்தால் தபால்காரனைத் திட்டாதே.

நேற்றுச் சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனேன். ஜெயவேல் வாசற்படியில் உட்கார்ந்து, குட்டிக் குட்டி ஸ்கூல் சட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு ஊசி நூலோடு குனிந்திருந்தான். காலரின் உள்பக்கம் சிவப்பு நூலில் ‘செ’ போட்டுக்கொண்டிருக்கிறான். எழுத்து கோணல். இன்னாடா பண்ற என்றேன்.

“ஹாஸ்டல்ல துணி மாறிப்பூடுமாம் மாமா. அதான் பேரு தெச்சிகினு கீறேன்.”

“விண்ணப்பத்துல கையெய்த்து போட்டுட்டியா?”

“இன்னும் இல்ல. நாளைக்கி போடணும்.”

என்னால் அந்தப் படியில் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே கேட்டேன். “எழிலு போன்ல கேட்டப்ப நீ ஏன்டா அப்படி சொன்ன? ‘அந்தாளு கத விடறாரு’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?”

அவன் நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னான். “உங்க லெட்டரு வந்தா அவ நாலு தபா படிக்கிறாளாம் மாமா. ரூம்ல கீற பொண்ணுங்களுக்குலாம் படிச்சி காட்றாளாம். உங்க கத பொய்யின்னு நான் சொல்ட்டா, அப்பால உங்க லெட்டரு வந்து இன்னா, வராம இன்னா? அந்த ஊர்ல அவளுக்கு சிரிக்கறதுக்கு வேற இன்னா கீது சொல்லுங்க. எம்மேல கோவம்னா அது அடுத்த லீவுல அவ வந்தா தீந்துபூடும்.”

சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தான்.

எழிலு, ஊரில் எல்லாரும் என்னைப் புளுகன் என்று சொல்வார்கள், எனக்கு அது பெருமைதான். ஆனால் என் புளுகைக் காப்பாற்றுவதற்காக ஒருத்தன் தன் பிள்ளையின் சட்டையில் பேர் தைத்ததை நான் இதுவரை பார்த்ததில்லை. விண்ணப்பத்தை அவனிடம் கேட்டு வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். இந்தக் கடிதத்துக்கு நீ பதில் எழுதும் வரை அது என்னிடம்தான் இருக்கும். கேட்டாலும் கொடுக்கமாட்டேன்.

ஒரு கைக்கு இரண்டு பிள்ளை தூக்கினேன் என்று எழுதினேனே, அது கிட்டத்தட்ட நிஜம். முட்டை விசாரணை, கருவாட்டுக்கார அம்மா, வால்டரின் வாய் எல்லாம் நிஜம். அந்த டீக்கடைப் பேச்சும் நடந்தது நிஜம். நான் உனக்கு எழுதிய ஒவ்வொரு சொல்லும் அந்தக் கடை வாசலில் பேசப்பட்டதுதான். ஆளை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டேன்.

அடியில சூடு ஏறிக்கினே போவுது, நிறுத்திட்டு மெக்கானிக்காண்ட காட்டிடலாம், புள்ளைங்க குந்திகினு வர்ற வண்டி என்று கெஞ்சியது உன் புருஷன். ஒண்ணும் ஆவாது, நாளைக்கி ஸ்கூல் வரைக்கும் தாங்கும், டீய குடி என்று அவன் வாயை அடைத்தது நான்.